திறந்தே கிடந்த டிக்கெட்

1

இந்தக் கதை என்னுடையதில்லை. துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு போர்வையின் இரண்டு முனைகளைப் பிடித்தபடி என் நாத்தனார் சொன்னது. பாதியில் நிறுத்திவிட்டு, "அதுக்கு மேல கேக்காதீங்க அண்ணி" என்றாள். எழுதுகிறவளிடம் அப்படிச் சொல்வது, பூனைக்குப் பாலைக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்துவது மாதிரி. எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க. பேரு மட்டும் வேண்டாம்" என்றாள்.

2

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'அலுவலகத்தின் கண்ணாடிச் சுவரில் மழை வழிந்து'

(அடித்துவிட்டேன். அன்று மழை இல்லை. சாவு வருகிற கதை என்றால் மழையையும் கூப்பிட்டுவிடும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு.)

மறுபடியும். அவளுக்கு மென்பொருளில் குறை கண்டுபிடிக்கும் வேலை. கண்ட குறை ஒவ்வொன்றையும் பதிவார்கள். அதற்கு டிக்கெட் என்று பெயர். சரிசெய்கிறவர் ஒரு காரணம் போட்டு அதை மூடுவார். காரணம் சரியில்லை என்று பட்டால் யார் வேண்டுமானாலும் திரும்பத் திறக்கலாம். அந்தக் குழுவில் ஒரு வழக்கம்: வேலைக்குச் சம்பந்தமில்லாததற்கும் டிக்கெட் போடுவார்கள். நாற்காலி கிறீச்சிட்டால் ஒரு டிக்கெட். யாராவது பயங்கரமாகத் தும்மினால் அதற்கும் ஒன்று.

அவளுக்குப் பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கொக்கி என்று பட்டப்பெயர். மற்றவர்கள் மூடியதையெல்லாம் ஒரே கேள்வியில் கொக்கி போட்டுத் திறந்துவிடுவார். ஒருநாள் கூட்டத்தில், எல்லோர் முன்பும், அவள் மூடியதையும் திறந்தார். அவர் சொன்னது சரிதான்; அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

[பக்கக் குறிப்பு: வீம்பில் என் நாத்தனாருக்கு இணை அவள் அண்ணன்தான். அவரோடு குடித்தனம் நடத்துகிறவள் சொல்கிறேன், நம்பலாம்.]

கொக்கி ஒரு டிக்கெட் போட்டார். சரிசெய்ய வேண்டியவர் அவள்.

பக்கத்து நாற்காலி பேசுவதில்லை. தீவிரம்: மிக அதிகம்.
செய்து பார்க்க: காலையில் வணக்கம் சொல்லவும்.
காத்திருக்கவும்.
எதிர்பார்த்தது: ஒரு முறைப்பாவது.
நடந்தது: ஒன்றுமில்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம், அதுவரை கொஞ்சம் தவிக்கட்டும் என்று நினைத்தாள்.

சனிக்கிழமை, காய்கறி வாங்கப் போன இடத்தில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

3

(கொக்கியை இவ்வளவு நல்லவராக எழுதினால் நம்புவீர்களா என்று எனக்குச் சந்தேகம். ஒரு குறை சொல் என்று நாத்தனாரிடம் கேட்டேன். "டிபன் பாக்ஸ கழுவவே மாட்டார். அப்படியே மூடி வச்சிருவார். திறந்தா ரூமே நாறும்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவள் குரல் இறங்கிவிட்டது. அதற்கப்புறம் நான் குறை கேட்கவில்லை.)

4

சில மாதம் கழித்து அலுவலகம் வேறொரு மென்பொருளுக்கு மாறியது. பழைய டிக்கெட்டுகளை எக்செல்லில் திறக்கும் கோப்பாக எடுத்துவைத்துவிட்டு, அவை இருந்த கணினியை அணைத்துவிடுவார்கள். எடுக்கும் வேலை அவள் தலையில் விழுந்தது. ஒரு டிக்கெட்டுக்கு ஒரு வரிசை: எண், பதிந்தவர், விவரம், நிலை, மூடிய காரணம். டிக்கெட்டுக்குக் கீழே எழுதும் கருத்துகள் வராது. அவை வேண்டாம் என்று மேலிடம் சொல்லிவிட்டது.

அவள் ஒரு தவறு செய்தாள். விவரத்தை யாராவது பல வரிகளாக எழுதியிருந்தால், எல்லாவற்றையும் ஒரே வரியாக ஒட்டிவிட்டுத்தான் கோப்பை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு வரியும் தனி வரிசையாக விழும். ஒட்ட மறந்துவிட்டாள். சோதனைக் கோப்பைக் கூட்டத்தில் பெரிய திரையில் போட்டார்கள். எண் இருக்க வேண்டிய கட்டத்தில் 'காத்திருக்கவும்' என்று இருந்தது. அதற்கு இரண்டு வரிசை மேலே, பதிந்தவர் கட்டத்தில், 'முடக்கப்பட்ட பயனர்'; ஆள் இல்லாமல் போனால் கணக்கை முடக்கிவிட்டு, பெயர் இருந்த இடத்தில் மென்பொருள் போடுவது அது.

புதிதாக வந்திருந்த மேலாளர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"என்னம்மா இது, டெஸ்ட் டேட்டாவா? தூக்கிருங்க."

அது யார் போட்டதென்று அவரைத் தவிர அறையில் எல்லோருக்கும் தெரியும்.

"டெஸ்ட் டேட்டா இல்ல சார்" என்றாள் அவள்.

"அப்ப ஏன் திறந்தே கெடக்கு? மூடிருங்க. ஒண்ணு திறந்திருந்தாலும் பழச அணைக்க முடியாது. காரணம் போட்டாத்தான் மூடும், தெரியும்ல?"

"தெரியும் சார்."

இந்த இடத்தில்தான் போர்வையை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு என் நாத்தனார் எழுந்து போய்விட்டாள்.

5

நான் சும்மா இருப்பேனா? மூடுவதற்கு என்னென்ன காரணங்கள் உண்டு என்பதை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முடிவு ஒன்று. 'சரிசெய்யப்பட்டது' என்று போட்டு மூடினாள். பொய். அவள் பொய் சொல்லத் தெரியாதவள்.

முடிவு இரண்டு. 'சரிசெய்யத் தேவையில்லை.' எழுதிய கையோடு அடித்துவிட்டேன். இப்படிப் போடுகிறவளோடு நான் துணி மடிக்க மாட்டேன்.

முடிவு மூன்று. 'மீண்டும் நிகழ்த்திப் பார்க்க முடியவில்லை.' இதை எழுதியதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, எழுந்து நடந்தேன். வணக்கம் சொல்ல ஆளே இல்லை, ஆகவே

(வேண்டாம். அவள் துக்கத்தில் எனக்கொரு நல்ல வரி கிடைத்ததென்று பூரித்துப்போனேன். வெட்கமாக இருக்கிறது.)

6

இதுவரை எழுதியதை அவளிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு அண்ணி. ஆனா மூணுல எதப் போட்டாலும் அவர் திரும்பத் திறந்துருவாரு."

"அப்ப நீ என்னதான் போட்ட?"

"ஏதோ ஒண்ணு. அது ஃபைல்ல இருக்கு, யாரு வேணா பாத்துக்கலாம். பதிஞ்சவர் பேர மட்டும் கையால மாத்துனேன். கொக்கின்னு போட்டேன். முடக்கப்பட்டவராம்." காகிதங்களை என்னிடம் நீட்டினாள். "மூடுறதுக்கு முன்னாடி கீழ கருத்துல ஒண்ணு எழுதினேன்."

"என்ன எழுதின?"

"கருத்துதான் ஃபைல்ல வராதே அண்ணி" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், அழுதுவிட்டாள். நான் காகிதங்களை வைத்துவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டேன்.

7

அந்தக் கணினியை அணைத்துவிட்டார்கள். அவள் எழுதியதை நான் கற்பனையில் எழுதிவிடலாம், பிழைப்பே அதுதான். எழுதப்போவதில்லை. அது அவருக்கு எழுதியது.

அதனால் முடிவு உங்கள் பாடு. உங்களுக்கும் யாராவது தினம் வணக்கம் சொல்லிவிட்டுக் காத்திருந்தால், இதை அப்படியே வைத்துவிட்டுப் போய், அவரை ஒரு முறை முறைத்துவிட்டாவது வாருங்கள். அதுவரை

நிலை: திறந்திருக்கிறது