பின்பக்கத்தில் இரண்டு வரி

கிரெடிட் கார்டு பாக்கிக்காக வங்கி என்மேல் போட்ட வழக்கு தென்காசி முன்சீப் கோர்ட்டில் பதினொரு வாய்தா நடந்தது. பதினொன்றுக்கும் நான் ஒருத்தனாகத்தான் போய் வந்தேன். குற்றாலத்து லாட்ஜில் ரிஜிஸ்தர் எழுதுகிறவன் வக்கீலுக்கு எங்கே போவது? தோற்றால் நன்னகரத்தில் இருக்கிற ஒன்றரை சென்ட் வீடு ஜப்திக்கு வரும்.

வழி சொன்னது, கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பர்சானா. கடைசியாக எப்போது பணம் கட்டினேன் என்று கேட்டாள். 2022 ஏப்ரல் நான்கு என்று ரசீதைக் காட்டினேன். வழக்குப் போட்டதோ 2025 செப்டம்பரில்.

"மூணு வருசம் தாண்டிட்டுல்லா அண்ணாச்சி. கேஸே நிக்காது. நடுவுல எழுத்துல எதையும் ஒத்துக்கிடலயே?"

இல்லை என்றேன். யாருக்கு எழுதினாலும் நகல் எடுத்து, தேதி போட்டு, கோப்பில் சேர்க்கிறவன் நான். கோப்பை இரண்டு முறை புரட்டியும் வங்கிக்கு எழுதியதாக ஒரு தாளும் அகப்படவில்லை. எதிருரையை நானே ஐந்து பத்தியில் எழுதினேன். முன்பெல்லாம் எதை எழுதினாலும் மனைவி ஆனந்தவள்ளிக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். கார்டு தேய்ந்ததே அவளுடைய டயாலிசிஸுக்குத்தான். அவள் போனபிறகு எனக்கு நானே வாசித்துக்கொள்வதுதான். சத்தம் கூட்டியே வாசித்தேன்.

நான் கூண்டில் ஏறிய அன்று சாரல் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தது. வங்கி வக்கீல் காலவரம்பைப் பற்றி நாலைந்து கேள்வி கேட்டுவிட்டு, கேஸ் கட்டிலிருந்து ஓர் அட்டையை உருவி என்னிடம் நீட்டினார்.

ஆனந்தவள்ளியின் கருமாதிப் பத்திரிகை.

அவள் இறந்த 2022 நவம்பரில் நூற்றிருபது அடித்தேன். எங்களோடு கொடுக்கல் வாங்கல் உள்ள யாரையும் விட்டுவிடக் கூடாது என்று பால்காரர், மருந்துக்கடை, சீட்டுக்காரர் என வரிசையாகப் பட்டியல் போட்டேன். அந்த வரிசையில் வங்கியும் வந்திருக்கிறது. துக்கச் சேதியை வீட்டில் வைக்கக் கூடாது, வாசித்ததும் கிழித்துப் போடுவதுதான் முறை. அதனால் அதற்கு மட்டும் நகல் எடுக்கவில்லை. என் கையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பின்பக்கத்தில் பேனாவால் எழுதியிருந்த இரண்டு வரியை நீதிபதி அம்மா சத்தமாகவே வாசித்தார். "தங்களுக்கு நான் தரவேண்டிய அட்டைப் பாக்கி ரூ.61,250 நினைவில் உள்ளது, விசேஷம் முடிந்ததும் கட்டிவிடுகிறேன். அவசியம் வந்து கலந்துகொள்ளவும்." கீழே என் கையெழுத்து. வக்கீல்கள் பெஞ்சில் சிரிப்பு எழுந்தது. அம்மா நிமிர்ந்து பார்த்ததும் அடங்கியது.

"நமசிவாயம், இது உங்க கையெழுத்தா? யோசிச்சுச் சொல்லுங்க."

இல்லை என்று சொன்னால் போதும் என்று எனக்கு விளங்கியது. சாதாரணத் தபாலில் போனது. நான்தான் அனுப்பினேன் என்பதற்கு வேறு அத்தாட்சி கிடையாது. அட்டையைத் திருப்பினேன். முன்பக்கம் அவள் படம், ரேஷன் கார்டுக்கு எடுத்தது, கண் லேசாக மூடியிருக்கும். அதற்குக் கீழே பெயர், வயது, இறந்த தேதி. விசேஷத்துக்கு நாற்பது பேர் வந்தார்கள். மற்றவர்களிடமிருந்து ஒரு பதிலும் வரவில்லை. எல்லோரும் கிழித்திருப்பார்கள்.

"என்னுதுதாம்மா," என்றேன். "இது என் வீட்டுக்காரி."

பாக்கியை ஒத்துக்கொண்டு எழுதிய நாளிலிருந்து மூன்று வருஷம் எண்ணினால் வழக்கு காலாவதியாகவில்லை, பணம் கட்டவேண்டியதுதான் என்று பத்து நாளில் தீர்ப்பு வந்தது. ஒரே தடவையில் கட்ட முடியாது என்று நான் எழுதிக் கொடுத்திருந்ததால், மாதம் இரண்டாயிரம் வீதம் கட்டச் சொன்னார்கள். ஒரு தவணை தவறினாலும் ஜப்தி.

பர்சானாவுக்கு என்மேல் கோபம். ஒரு வார்த்தையில் போயிருக்கும் வீட்டுக் கவலையை இப்படி வருஷக்கணக்கில் இழுத்துப் போட்டுக்கொண்டீர்களே என்று பொரிந்தாள். சான்றாவணம் ஐந்துக்கு நகல் மனு போடவேண்டும், எவ்வளவு ஸ்டாம்ப் ஒட்டவேண்டும் என்று கேட்டேன். அது அந்தக் கருமாதிப் பத்திரிகை என்று தெரிந்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது.

முன்பக்கம் மட்டும் கிடைத்தால் போதும் என்றேன்.

"அப்படிப் பாதி தரமாட்டாங்க அண்ணாச்சி. ரெண்டு பக்கமும்தான் வரும்."

சரி, அப்படியே போடு என்றேன்.