படத்துக்குக் கீழே ஒரு பெயர்

புகைப்படக் கண்காட்சி பதினோரு மணிக்குத்தான் திறக்கும் என்று உத்தமன் இரண்டு முறை சொல்லி அனுப்பியிருந்தும், வேதநாயகி எட்டரை மணிக்கே மர்பி டவுனில் தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டாள். ஒக்கலிபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். உடம்பில் அரக்கு நிறப் பட்டுப்புடவை. தங்கை ஜெயலட்சுமியின் கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் புடவையை அவள் கட்டி யாரும் பார்த்ததில்லை. கொண்டையில் கனகாம்பரம், கையில் தூக்குவாளி நிறைய எலுமிச்சை சாதம். வெறுங்கையோடு தங்கை வீட்டுப் படி ஏறுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. தம்பி எங்கே என்று கேட்டாள். தம்பி, அதாவது தங்கை புருஷன் உத்தமன், குளித்து முடித்துக் கால் மணி நேரம் ஆகியும் குளியலறையை விட்டு வராமல் ஈரத் துண்டோடு நின்றுகொண்டிருந்தான். வெளியே அக்காவும் தங்கையும் சிரித்துப் பேசுவது அவனுக்கு நன்றாகக் கேட்டது.

உத்தமனுக்குப் படம் எடுக்கும் பைத்தியம் பிடித்து அப்போது ஏழு வருஷம் ஆகியிருந்தது. வாரம் ஆறு நாள் தொழிற்சாலையில் லேத் மெஷின் முன்னால் நிற்கிற மனுஷன், ஞாயிற்றுக்கிழமை வந்தால் சிவாஜிநகரில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேறு ஆளாகிவிடுவான். லால்பாக் போனாலும் சரி, பன்னேர்கட்டா போனாலும் சரி, வீட்டு ஜனம் ஒரு பக்கம் நடக்கும், இவன் எங்கேயாவது குந்திக்கொண்டு முன்பின் தெரியாத ஒரு கிழவரின் கைத்தடியையோ காய்ந்த மரத்தையோ பார்த்துக்கொண்டிருப்பான். கூப்பிட்டால், வெளிச்சம் வரட்டும் என்பான். சொந்த வீட்டு ஆட்களை எடுக்கச் சொன்னால் மட்டும் சலிப்பு வந்துவிடும். பிலிம் ரோலில் கடைசியாக ஒன்று மிஞ்சினால் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து ஒரே ஒரு க்ளிக். அதிலும் பாதிப் பேர் கண்ணை மூடியிருப்பார்கள். வீட்டு ஆல்பத்தில் காக்காய்க்குக் கிடைத்த இடம் தனக்குக் கிடைக்கவில்லை என்று ஜெயலட்சுமி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவள் சிரிப்பதால் அது வெறும் வேடிக்கைதான் என்று இவன் நினைத்திருந்தான்.

ஊரில் ஒரு புகைப்படச் சங்கம் இருந்தது. டாக்டர்கள், இன்ஜினியர்கள், பெரிய கம்பெனி மேனேஜர்கள் மாதம் ஒரு முறை கூடி ஒருவர் படத்தை ஒருவர் அலசுவார்கள். அங்கே பஸ் பிடித்து வருகிற உறுப்பினர் உத்தமன் ஒருவன்தான். கடைசி வரிசையில் உட்காருவான், யாராவது இங்கிலீஷில் ஏதாவது கேட்டால் எஸ் சார் என்பான். செயலாளர் வெங்கடராமன் பேங்கில் ரிட்டையர் ஆனவர், தமிழர், இவன் மேல் கொஞ்சம் பிரியம் உள்ளவர். சங்கத்தின் ஆண்டுப் போட்டிக்கு ஐந்து வருஷம் படம் அனுப்பி ஐந்து வருஷமும் திரும்பி வந்தபோது அவர்தான் தோளைத் தட்டிச் சொன்னார். படமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, பெயர் வைக்கத்தான் உனக்குத் தெரியவில்லை, பெயர் பார்க்கிறவன் நெஞ்சில் குத்த வேண்டும் என்றார். உத்தமன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

போன டிசம்பரில் இரண்டு குடும்பமும் ஒரு வேனில் ஏறி முத்தியாலமடுவு அருவிக்குப் போயிருந்தார்கள். பெரியவர், சின்னவர் எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு பேர். விடியற்காலையிலேயே எழுந்து ஒரு குண்டான் புளிசாதம் கிளறிக் கொண்டுவந்தவள் வேதநாயகி. எல்லோரும் சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் உத்தமன் பாறைகளுக்கு நடுவிலிருந்து ஏறி வந்தான். நல்ல பசி. அவள் வைக்க வைக்கச் சாப்பிட்டான். கண் மட்டும் ஓடைப் பக்கமே இருந்தது. கை கழுவிவிட்டுத் திரும்பியபோது மரங்களுக்கிடையே சாய்வாக ஒரு வெளிச்சம் இறங்கியிருந்தது. அந்த வெளிச்சத்தில் வேதநாயகி குண்டானை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, அடியில் ஒட்டியிருந்த பருக்கைகளை நாலு விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். காற்றில் தலைமுடி கலைந்திருந்தது. வேலைக்குக் கட்டுகிற பழைய புடவை, ரவிக்கையின் தோள்பக்கம் தையல் விட்டிருந்தது. உத்தமன் மூச்சை அடக்கிக்கொண்டு மண்டியிட்டு மூன்று படம் எடுத்தான். அவள் கவனிக்கவில்லை. குண்டான் ஏன் காலியாக இருக்கிறது என்று இவனும் யோசிக்கவில்லை. ஊர் திரும்பும் வழி முழுக்க வேனில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தான்.

பெரிதாகப் பிரிண்ட் போட்டு, பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஹங்கர் என்று இங்கிலீஷில் எழுதினான். பசி. அந்த வருஷம் படம் தேறியது மட்டுமல்ல, மெரிட் சர்டிபிகேட்டும் கிடைத்தது. சங்கக் கூட்டத்தில் வெங்கடராமன் எல்லோர் முன்னாலும் எழுந்து, யார் இந்த அம்மா, எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டார். முன்வரிசைகள் முழுக்கத் திரும்பி உத்தமனைப் பார்த்தன. ஆனேக்கல் பக்கம் சார், யாரோ பிச்சைக்காரம்மா, என்றான். ஒரு திக்கல் திணறல் இல்லாமல் வந்தது. அவளுக்கு ஏதாவது கொடுத்தீர்களா என்று ஒரு டாக்டர் அக்கறையாக விசாரித்தார். கொடுத்தேன் சார் என்று அதற்கும் பதில் சொன்னான். தன் வீட்டு மனுஷி என்று சொன்னால் இந்தப் பெரிய மனிதர்கள் தன்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பதுதான் அந்த நிமிஷம் அவன் மனதில் இருந்தது. அன்றைக்கு யாரோ இரண்டு பேர் அவனுக்குக் கை கொடுத்தார்கள்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் சங்கத்தின் கடிதம் அவன் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் வீட்டுக்கு வந்தது. இங்கிலீஷ் மீடியத்தில் எட்டாவது படிக்கும் மகள் இளவேனில் பிரித்துப் படித்து, அப்பாவுக்குப் பரிசு என்று தெருவுக்கே சொல்லிவிட்டாள். கடிதத்தில் படத்தின் நம்பர் மட்டும்தான் இருந்தது. சாயங்காலம் வந்தவனிடம் எந்தப் படம் என்று ஜெயலட்சுமி கேட்க, இருந்த சந்தோஷத்தில், உங்க அக்கா படம்தான் என்று உளறிவிட்டான். இரண்டாம் நாள் வேதநாயகி வந்துவிட்டாள். கார்மெண்ட்ஸில் எட்டு மணி நேரம் தைத்துவிட்டு அப்படியே வந்திருந்தாள். ஹாலில் மாட்டுவார்களாமே, படத்துக்கு என்ன பேர் வைத்தீர்கள் தம்பி என்று கேட்டாள். உத்தமன் அவள் முகத்தைப் பார்த்தான். அன்னபூரணி என்று சொன்னான். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்காட்சி எந்த நாள் என்று அவளாகவே விசாரித்துத் தெரிந்துகொண்டாள்.

நேற்று சனிக்கிழமை, ஷிப்ட் முடிந்ததும் உத்தமன் ஹாலுக்கு ஓடினான். படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கும் பேர் அட்டையை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்று வெங்கடராமனிடம் கெஞ்சினான். கேட்லாக் அச்சாகிவிட்டது, அதுவுமில்லாமல் அந்தப் பெயருக்குத்தானே மெரிட்டே வந்தது, இப்போது ஏன் மாற்ற வேண்டும் என்று அவர் ஆச்சரியப்பட்டார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. சுற்றிலும் ஆளே இல்லை. ஆனாலும் உத்தமன், சும்மா கேட்டேன் சார் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டான்.

பத்தரைக்கு நான்கு பேரும் கிளம்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகமாக இருக்கும், இன்னொரு நாள் போகலாமே என்று வாசலில் கூட ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். ஜெயலட்சுமி முறைத்தாள். அக்காளும் தங்கையும் தமிழ் ஸ்கூலில் அஞ்சாவது வரை படித்தவர்கள், இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. பஸ்ஸில் உட்கார்ந்து அந்த ஒன்றைத்தான் தைரியமாக நினைத்துக்கொண்டு வந்தான். அப்படி நினைத்தது அவனுக்கே கேவலமாக இருந்தது. ஹால் வாசலில் வழவழவென்ற தரையைப் பார்த்து வேதநாயகி செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். வேண்டாம் அக்கா, போட்டுக்கொண்டே வரலாம் என்று சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லாமல் உத்தமன் முன்னால் நடந்தான்.

நடுச்சுவரில், கண் மட்டத்தில், பெரிய கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது படம். மேலே விளக்கு போட்டிருந்தார்கள். வேதநாயகி கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிட்டாள். படத்தில் குழி விழுந்த கன்னம், திறந்த வாய், வாய்க்குள் பாதி போன விரல்கள், தையல் விட்ட தோள். ஜெயலட்சுமியின் முகம் சுருங்கியது.

"இன்னாங்க இது, அக்காவ நல்லா ஒக்கார வெச்சி எடுத்திருக்கக் கூடாதா?"

"சும்மா இரு ஜெயா," என்றாள் வேதநாயகி. "வேலை செய்யசொல்ல நான் அப்படித்தான இருப்பேன். அன்னிக்கி தம்பி மூணு வாட்டி வாங்கி சாப்பிட்டாரு. அதான் குண்டான் காலியாயிடிச்சி. ஆக்கன கைக்கு அதவிட வேற இன்னா வேணும்?"

மூன்று வாட்டி. உத்தமனுக்கு அது ஞாபகமே இல்லை. அவளுக்குச் சோறு மிஞ்சாமல் போனது தன்னால்தான் என்பது அந்த இடத்தில், அந்த விளக்கு வெளிச்சத்தில் நின்றுகொண்டுதான் அவனுக்குத் தெரிந்தது. தான் தின்று காலி செய்த குண்டானைத் தானே படமாக எடுத்து, அதற்கொரு பெயரும் வைத்து, அவளைப் பிச்சைக்காரி ஆக்கிப் பரிசும் வாங்கியிருக்கிறான். எங்கேயாவது ஓடிவிட வேண்டும்போல் இருந்தது.

வேதநாயகி படத்தின் பக்கத்தில் போய்க் கீழே இருந்த அட்டையை விரலால் தொடாமல் காட்டினாள். "இதான் பேரா? படி கண்ணு, பெரீம்மா கேக்கட்டும்."

இளவேனில் குனிந்தாள். அவள் உதடு ஒரு முறை அசைந்து நின்றது. நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். போன மாதம் கணக்குப் பரீட்சை மார்க்கை மறைத்துப் பொய் சொன்னதற்காக அவளை முதுகில் அறைந்தவன் உத்தமன். பொய் சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது என்று வேறு சொல்லியிருந்தான். இப்போது அவள் பார்வையைத் தாங்க முடியாமல் தரையைப் பார்த்தான்.

"அன்னபூரணி," என்றாள் இளவேனில். ஸ்கூலில் பாடம் வாசிக்கிற மாதிரி தெளிவாகச் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து வெங்கடராமன் வந்தார். வாங்க உத்தமன், வீட்டோடு வந்தீர்களா என்று சிரித்தபடி ஆரம்பித்தவர், பட்டுப்புடவையில் நின்றவளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். சிரிப்பு மெதுவாக அடங்கியது.

"நீங்களாம்மா இது?"

"நான்தான் சார். இவரு என் தங்கச்சி வூட்டுக்காரரு," என்று சொல்லிக் கும்பிட்டாள் வேதநாயகி. "அவரு புண்ணியத்துல உங்க மாதிரி பெரியவங்கள்லாம் என்னை பாக்கறீங்க."

வெங்கடராமன் பதிலுக்குக் கை குவித்தார். படம் ரொம்ப நன்றாக வந்திருக்கிறதம்மா என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அப்புறம் உத்தமன் இருந்த பக்கமே திரும்பாமல் அடுத்த சுவருக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

போகலாமா என்று உத்தமன் கேட்டான். வேதநாயகிக்கு இன்னொரு ஆசை இருந்தது. படத்துக்குப் பக்கத்தில் தன்னை நிற்க வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும், ஒக்கலிபுரத்தில் நாலு பேருக்குக் காட்டவேண்டும் என்றாள். சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு படத்தை ஒட்டி நின்றாள். அவள் அவனிடம் தன்னை எடுக்கச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவன் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனான். கேமராவின் சட்டத்துக்குள் பட்டுப்புடவைக்காரி, பக்கத்தில் குண்டானை வழிக்கிறவள், இரண்டு பேருக்கும் நடுவே கீழே ஆறு கொட்டை எழுத்து. போட்டோவை யாராவது இங்கிலீஷ் தெரிந்தவர்கள் பார்த்துப் படித்துச் சொல்ல எத்தனை நேரமாகும்? அட்டை வராதபடி இடது பக்கம் நகர்ந்தான். இன்னும் கிட்டே வந்து பார்த்தான்.

"பேரு வரணும் தம்பி," என்றாள் வேதநாயகி. "பேருதான் முக்கியம்."

கேமராவின் சட்டத்துக்குள் இளவேனில் நடந்து வந்தாள். பெரியம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, முதுகைச் சுவரோடு ஒட்டி, அட்டை இருந்த இடத்தை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"கொஞ்சம் தள்ளு கண்ணு, பேரு மறைக்குது பாரு."

"நானும் உன்கூட வரணும் பெரீம்மா."

வேதநாயகி தோளைப் பிடித்து மெல்லத் தள்ளிப் பார்த்தாள். பெண் அசையவில்லை. கேமராவையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள், முகத்தில் சிரிப்பு இல்லை. உத்தமன் கேமராவைக் கீழே இறக்கவில்லை. இறக்கினால் தன் முகம் மகளுக்குத் தெரிந்துவிடும். படம் பார்க்க வந்தவர்கள் குறுக்கே வரக்கூடாது என்று இரண்டு பக்கமும் மரியாதையாக ஒதுங்கி நின்று காத்திருந்தார்கள்.

"எடுப்பா," என்றாள் இளவேனில்.