அட்டை மனிதன் ஏன் விழவில்லை

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் முன்பள்ளி டீச்சராக இருக்கும் விஜயலெட்சுமிக்கு முகநூலில் ஒரு பக்கம் உண்டு. 'உண்மையச் சொன்னா' என்று பெயர். அதில் சினிமா விமர்சனம் எழுதுவாள். எந்தப் படமானாலும் அவளுக்கு இரண்டே தலைப்புத்தான்: பலம், பலவீனம். கோடி கோடியாகக் கொட்டி எடுத்த படமென்று தயவு காட்டமாட்டாள். முன்பள்ளிப் பிள்ளைகள் வரைந்த யானையை மட்டும்தான் அவள் குறை சொன்னதில்லை.

அவளுக்குக் கலியாணம் ஆனதே ஒரு விமர்சனத்தால்தான்.

மூன்று வருசத்துக்கு முன்னால், பக்கத்து டிவிசன் ரமேஸ் தன் போனிலேயே ஏழு நிமிசப் படம் ஒன்று எடுத்தான். பெயர், 'அட்டை மனிதன்'. மழை நாளில் மலையில் விசேஷமான ஒரு அட்டை கடித்துவிட, கதாநாயகனுக்குப் பிடித்ததை விடாத சக்தி வந்துவிடுகிறது. திருடனைத் துரத்துகிறான், வாய்க்காலைத் தாண்டப் பார்த்து உள்ளே விழுகிறான், சேற்றோடு எழும்பித் திருடனின் காலைக் கவ்விப் பிடித்துக்கொள்கிறான். அவ்வளவுதான் கதை. ஆட்டோ ஓட்டும் புவனேந்திரன்தான் அட்டை மனிதன். படத்தை ரெண்டு லட்சம் பேர் பார்த்தார்கள்.

விஜி எழுதினாள்: 'பலம், கதாநாயகன் விழும் இடம். பலவீனம், எழும்பிய பிறகு பேசும் இடம்.'

நியாயம் கேட்கத்தான் புவனேந்திரன் ஆட்டோவை எடுத்துக்கொண்டு முன்பள்ளிக்குப் போனான். போன நேரம் மழை பிடித்துக்கொண்டது. டீச்சர் ஒன்பது பிள்ளைகளோடு தாவாரத்தில் ஒதுங்கி நின்றாள். மூன்று நடையில் எல்லாரையும் லயத்து வீடுகளில் கொண்டுபோய் விட்டதில் கேட்க வந்த நியாயம் மறந்துபோனது. எட்டு மாசத்தில் கலியாணம்.

இந்த வருசம் இரண்டாம் பாகம். ஏழு நிமிசம் நாற்பத்தாறு நிமிசமாக வளர்ந்திருந்தது. ட்ரோன் வந்தது. ஒரு வில்லன் மூன்று வில்லன் ஆனான். அட்டை மனிதனின் உடுப்புக்குப் பதுளையில் புடவைக்கடை வைத்திருக்கும் இத்ரூஸ் நானா துணி கொடுத்தார். கடையையும் படத்தில் காட்ட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை.

பௌர்ணமி விடுமுறையான போயா நாள் பின்னேரம், தோட்டத்துக் கலாசார மண்டபத்தில் ஜன்னலையெல்லாம் தார்ப்பாய்ப் படங்கால் மூடிவிட்டுப் படத்தைப் போட்டார்கள். கதிரை போதாமல் பாதிப் பேர் நின்றார்கள். ஆனாலும் அன்றைக்குப் படத்தைப் பார்த்தவர்களைவிட டீச்சரின் முகத்தைப் பார்த்தவர்கள்தான் அதிகம்.

முதல் பத்து நிமிசம் அட்டை மனிதன் நடந்தான். மலையில் நடந்தான், ரோட்டில் நடந்தான், மேளம் அடிக்க அடிக்கப் பாலத்தில் நடந்தான். பிறகு பறந்தான்.

"அட்டைக்கு ஏதுடா றெக்கை?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

மூன்றாவது வில்லன் ஓடிப்போய்ப் புடவைக்கடையில் ஒளிந்துகொள்ள, ஒவ்வொரு சேலையாக விலக்கி விலக்கித் தேடியதில் நாலு நிமிசம் போனது. தேடலில் வேகம் இல்லை என்றாலும் சேலைகள் நன்றாகத் தெரிந்தன.

மண்டபமே அதிர்ந்து கைதட்டியது ஒரே இடத்தில்தான். அட்டை மனிதனின் தாயாக நடித்தவள் மாரியாயி, அதே தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். ரமேஸ் எழுதிக் கொடுத்த வசனத்தில் ஒரு வரியும் அவளுக்கு மனதில் நிற்கவில்லை. உலகைக் காக்கப் புறப்படும் மகனைக் கண்ணீரோடு ஆசீர்வதிக்க வேண்டிய இடத்தில் அவள் சொன்னாள்: "ஒலகம் எங்கயும் போவாது. பீலியில தண்ணி வந்துருச்சு, மொதல்ல வாளியத் தூக்கு."

படம் முடிந்ததும் ரமேஸ் ஓடி வந்தான். "அண்ணி, எப்படி?"

"நல்ல முயற்சி" என்றாள் விஜி.

அவள் நல்ல முயற்சி என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று தோட்டத்துக்கே தெரியும். ரமேஸ் மெல்ல நழுவினான்.

வீட்டுக்கு வந்ததும் அவளே சொன்னாள். "இந்தப் படத்துக்கு நான் எழுதப் போறதில்லங்க. குடும்பத்துப் படம். நல்லா இருக்காது."

புவனேந்திரனுக்கு அப்பாடா என்றிருந்திருக்க வேண்டும். ஆனால் அவன் முகம் தொங்கிப்போனது.

"யாரு யாரோ எடுத்த படத்துக்கெல்லாம் எழுதுற. எம்படம் திட்டுறதுக்குக்கூட லாயக்கில்லையா?"

"திட்டினா தாங்குவீங்களா?"

"தாங்குவேன்."

அவள் எழுதினாள். 'பலம்: மாரியாயியின் வாளி. பலவீனம் ஒன்று: நீளம். பலவீனம் இரண்டு: மூன்று வில்லன்கள் இருந்தும் ஒருவனைப் பார்த்தும் பயம் வரவில்லை. பலவீனம் மூன்று: முதல் பாகத்தில் அட்டை மனிதன் நம்மைப்போல விழுந்தான், அதனால் அவன் எழும்பியபோது நாமும் எழும்பினோம். இதில் அவன் விழவே இல்லை. விழாதவனைப் பார்த்து யார் கைதட்டுவது?'

அவன் தாங்கவில்லை. ரெண்டு நாள் அவளிடம் ஆட்டோவைப் பற்றி மட்டுமே பேசினான். "பிரேக் சரியில்ல" என்பான். "டயர் தேஞ்சிருச்சு" என்பான். சாப்பிடும்போது கறிக்கு உப்பு எப்படி என்று கேட்டாள். "நல்ல முயற்சி" என்றான்.

மூன்றாம் நாள் காலையில், அவன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு அவளே தேத்தண்ணியோடு போனாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இந்தத் தடவ ஏங்க விழல? ரமேஸ் வேணாம்னானா?"

"அவன் ரெண்டு எடத்துல விழச் சொன்னான். நான்தான் முடியாதுன்னேன்."

"ஏன்?"

கண்ணாடியில் இல்லாத அழுக்கை அவன் வெகுநேரம் துடைத்தான். "ஷூட்டிங் தொடங்கின அன்னிக்கு வாய்க்கால்ல விழுந்துட்டு சேத்தோட முன்பள்ளிக்கு வந்தேன். பிள்ளைங்களோட அம்மாமாரெல்லாம் நின்னாங்க. நீ கேட்ட, 'கலியாணம் ஆகியும் இன்னும் விழுந்துகிட்டுத்தான் திரியிறீங்களா'ன்னு. டீச்சர் புருசன் வாய்க்கால்ல உருளுறான்னு ஒனக்கு வெக்கமா இருக்குன்னு நெனச்சேன். அன்னிக்கு எடுத்ததையும் வெட்டச் சொல்லிட்டேன்."

விஜிக்குச் சிரிப்பையும் அடக்க முடியவில்லை, அழுகையையும் அடக்க முடியவில்லை.

"அட கடவுளே! அப்ப மூணு நாளா பைப்புல தண்ணி இல்லங்க. அந்தச் சேத்த எப்படித் தொவைக்கிறதுன்னுதான் ஆத்திரம் வந்துச்சு. நீங்க விழுந்ததப் பார்த்துத்தானே நான் ஒங்களக் கட்டிக்கிட்டேன்!"

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா படம் தப்பிச்சிருக்கும்" என்றான் புவனேந்திரன். ரெண்டு நாளுக்குப் பிறகு அவன் சிரித்தது அப்போதுதான்.

அவள் தேத்தண்ணிக் கோப்பையை ஆட்டோவின் மேலேயே வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். விமர்சனத்தில் இன்னொரு வரி சேர்ந்தது. 'பலவீனம் நான்கு: கதாநாயகனின் மனைவி. தண்ணீர் வராத கோபத்தை நடிகர்மேல் காட்டிப் படத்தைக் கெடுத்திருக்கிறார். அடுத்த படப்பிடிப்பில் அவரை அருகில் சேர்க்க வேண்டாம்.'

பின்னேரத்துக்குள் அந்த ஒரு வரியைப் படத்தைவிட அதிகம் பேர் பார்த்திருந்தார்கள்.

பதுளையிலிருந்து இத்ரூஸ் நானா போன் எடுத்தார். "தங்கச்சி, பலம் பக்கத்துல நம்ம கடையப் பத்தியும் ஒரு வரி போடலாமே?"

"போடலாம் நானா. 'படத்தில் இயல்பாக நடித்திருப்பவை சேலைகள் மட்டுமே'. சரியா?"

நானாவுக்கு அதில் பரம சந்தோசம்.

ரமேஸ் ஒரு கிழமை யாரோடும் பேசாமல் கணினி முன்னால் உட்கார்ந்து, படத்தை இருபத்து ரெண்டு நிமிசமாக வெட்டினான். வில்லன்களில் ரெண்டு பேர் போனார்கள். அதில் ஒருவன் அவனுடைய மச்சான் என்பதால் வீட்டில் பெரிய பிரச்சினை. மாரியாயியிடம் போய் இன்னும் ரெண்டு காட்சி நடிக்கக் கேட்டான். "வசனமெல்லாம் கொண்டாராத. கேமராவ மட்டும் கொண்டா" என்று சொல்லிவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை விஜியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புவனேந்திரன் பசறைக்குப் போனான். வழியில் கையைக் காட்டி ஏறிய பெரியவர் ஒருவர் அவனைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"தம்பி, நீங்கதானே அந்த அட்டை மனிதன்?"

"ஆமாங்க."

"ரெண்டாவது பாகம் வந்திருக்காமே. எப்படி?"

தன் பக்கத்தில் இருக்கும் விஜிதான் அவன் மனைவி என்று பெரியவருக்குத் தெரியாது. அவளும் ஒன்றும் தெரியாதவள்போல வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புவனேந்திரன் வளைவில் ஹார்ன் அடித்து, வண்டியை நிதானமாகத் திருப்பி, யோசித்துப் பதில் சொன்னான்.

"அம்மா வர்ற எடம் நல்லா இருக்குங்க. ஹீரோதான் கொஞ்சம் ஓவரா நடக்குறாரு."