குடுவை நிறைந்த காலை

“மெஷினைத் திருப்பி அனுப்பாதே!”

சிறுநீர்க் குடுவையும் கையுமாக வார்டிலிருந்து பாய்ந்து வந்தாள் நர்ஸ். டயாலிசிஸ் இயந்திரத்தை லிஃப்ட் வரை உருட்டிவிட்ட டெக்னீஷியன் விழித்தான்.

“டாக்டரே வேண்டாம்னுட்டாரேக்கா. ஆளுக்கு யூரின் கொட்டோ கொட்டுன்னு கொட்டுதாமே!”

“அதான் உதைக்குது. கொஞ்சம் நில்லு, டாக்டர்கிட்ட நான் பேசறேன்.”

வார்டில் அவளுக்கு ‘மில்லி சிஸ்டர்’ என்று பெயர். குடித்தது எத்தனை மில்லி, போனது எத்தனை மில்லி என்று குடைந்தெடுத்துவிடுவாள். மூன்றாம் கட்டில் லாரி டிரைவருக்கு ஓயாத வயிற்றுப்போக்கு. அதற்கு மேல் இடுப்புவலி மாத்திரைகள். இரண்டும் சேர்ந்து சிறுநீரகங்களைத் திடீரென்று முடக்கிப் போட்டிருந்தன. நேற்றுவரை சொட்டுச் சொட்டாக வந்தது, இன்று காலை குடுவை நிறைய. டாக்டர் மலர்ந்துபோய் மெஷினை ரத்து செய்துவிட்டார்.

ஆனால் தராசில் ஏற்றினால் டிரைவர் நேற்றைவிடக் கனம். அவ்வளவு நீர் வெளியே போனவர் எப்படி ஊதுவார்? கணுக்காலை அழுத்தினாள், குழி அப்படியே நின்றது. சற்றுமுன் வந்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியமும் எகிறியிருந்தது. இன்னும் ஏறினால் இதயம் நின்றுவிடும்.

டாக்டரிடம் போனில் மூன்றையும் கொட்டினாள். “உடனே மாட்டுங்க, வந்துட்டேன்” என்றார் அவர். மெஷின் திரும்பி வந்தது. டிரைவரின் ரத்தம் குழாய்களில் ஓடத் தொடங்கியதும்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

கட்டிலருகே டிரைவரின் மைத்துனர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

“காலையில மச்சான் ஜோரா போனாரே சிஸ்டர். இதுக்கப்புறமும் மெஷினா? இதுல மாட்டினா அவ்ளோதான்னு எங்கக்கா அழுது தீர்க்குது.”

“சிறுநீரகம் முழிச்சுக்கிற வரைக்கும்தான் சார் இது.”

“மாப்ள, சும்மா இருடா” என்று முனகினார் டிரைவர். “என்னை விட நீதான் பாத்ரூமுக்கு அதிகமா ஓடுற.”

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். பரிசோதனைப் பட்டை ஒன்றை எடுத்துக் குடுவையில் முக்கினாள். பட்டையின் ஒரு கட்டம் கரும்பழுப்பாக மாறியது.

“இது உங்க மச்சானோடது இல்ல.”

“என்ன சிஸ்டர், அதுல பேரா எழுதியிருக்கு?”

“சர்க்கரை எக்கச்சக்கமா இருக்கு. அவர் ரத்தத்துல காலையிலதான் பார்த்தோம், சர்க்கரை சரியா இருக்கு.”

மைத்துனர் துள்ளிக் குதித்தார்.

“எனக்கும் சர்க்கரை கிடையாதே சிஸ்டர்!”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். டிரைவர் ஒரு கண்ணைத் திறந்து அவரையே பார்த்தார்.

நர்ஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டு, புது ஊசியைப் பிரித்தாள்.

“உட்காருங்க சார். விரலை நீட்டுங்க.”