அண்ணன் போட்ட வெப்சைட்

என் கணவர் சபரி வேலைக்குப் போகாமல் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வேலை செய்ய முடியாமல் போனால் சம்பளத்தில் ஒரு பங்கு தரும் டிஸபிலிட்டி இன்சூரன்ஸில்தான் அமெரிக்காவில், ரிச்சர்ட்சன் ஊரில் எங்கள் வீடு ஓடியது. டிப்ரஷனுக்கும் அது கிடைக்கும் என்று டாக்டர் சொல்லித்தான் தெரியும். அவருக்கு டிப்ரஷன் என்பது இங்கே என் அண்ணன் வெங்கடகிருஷ்ணனைத் தவிர யாருக்கும் தெரியாது.

அன்று மத்தியானம் அண்ணன் வந்திருந்தபோது இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டேன். பணத்தை நிறுத்திவிட்டார்களாம். சபரி சொந்தமாக சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிறாராம். வெப்சைட்டில் கோட் போட்ட போட்டோகூட இருக்கிறதாம்.

திறந்து பார்த்தேன். அது எங்கள் கல்யாண ரிசப்ஷன் போட்டோ. என்னை வெட்டி எடுத்திருந்தார்கள்.

"மச்சான், இது என்னங்க?" என்றார் சபரி.

"நாந்தானுங்க மாப்ள. தமிழ்ச் சங்கத்துல ஆளாளுக்குக் கேக்கறாங்க, ஏன் வீட்லயே இருக்காருன்னு. பைத்தியம்னு சொல்லட்டுங்களா? சும்மா ஒரு வெப்சைட் போட்டு உட்டேன்."

சபரி கராஜுக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் சுத்தியல்.

முதல் அடி அண்ணனின் கார் கண்ணாடியில் விழுந்தது. தடுக்க ஓடிய அண்ணனின் முழங்கையில் அடுத்தது. எலும்பு உடைந்த சத்தம் வாசல்வரை கேட்டது.

"என் சோத்துல மண்ணப் போட்டுட்டியேடா! உன் கவுரவத்துக்கு நான் சாகணுமா?"

பின்னாலிருந்து கட்டிப்பிடித்தேன். திமிறியதில் அவர் முழங்கை என் வாயில் இடித்து உதடு கிழிந்தது. வாயெல்லாம் ரத்தம். அவர் காரை விட்டுவிட்டு கார் நிறுத்தும் டிரைவ்வேயின் சிமெண்டை அடிக்க ஆரம்பித்தார்.

யாரோ 911 கூப்பிட்டிருக்க வேண்டும். இரண்டு போலீஸ்காரர்கள் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு கத்தினார்கள். சபரி காதில் விழவில்லை. சுத்தியலை மறுபடி ஓங்கினார்.

எதிர்வீட்டு ருக்மிணி ஆன்ட்டி, சங்கத்தின் பொருளாளர், பூச்செடிக்குத் தண்ணீர் விடும் குழாயோடு அப்படியே நின்றிருந்தார்.

"டோன்ட் ஷூட்!" அண்ணன் மண்டியிட்டார். உடைந்த கை தொங்கியது. "ஹி இஸ் சிக்! மென்ட்டல் இல்னெஸ்! அவருக்கு வேலையே இல்லைங்க, கம்பெனியெல்லாம் பொய்யி! ப்ளீஸ்!"

நாலு பேர் முன்னால் அண்ணன் அதை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஒரு போலீஸ்காரர் துப்பாக்கியை இறக்கி, மின்சார அதிர்ச்சி தரும் டேஸரை எடுத்துச் சுட்டார். சபரி வெட்டி வெட்டி இழுத்து விழுந்தார். முகம் சிமெண்டில் மோதியது. ஆனால் மூச்சு இருந்தது.

ஆஸ்பத்திரியில் சபரியின் இரண்டு மணிக்கட்டையும் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். வெளியே அண்ணன் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு ருக்மிணி ஆன்ட்டியின் போன் வந்தது.

"என்னப்பா ஆச்சு சபரிக்கு?"

"மனசு சரியில்லைங்க ஆன்ட்டி. ரொம்ப நாளாவே. நாந்தான் மறைச்சேன்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அந்த இன்சூரன்ஸ் அம்மாவைக் கூப்புடு ஓவியா. அவங்ககிட்டயும் நானே சொல்றேன்."

டயல் பண்ணி அவர் காதில் வைத்தேன். காத்திருக்கச் சொல்லிவிட்டு லைனில் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளே சபரி கட்டை இழுக்க, கட்டில் சுவரில் மோதிக்கொண்டிருந்தது.