கேமராவில் விழாத உயரம்

அந்த வீட்டுக் கூடத்தில் நாலு பேர் பார்க்கும்படி இருந்தது ஒரே ஒரு சுவர்தான். மற்ற மூன்றிலும் ஈரம் ஏறி, சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. அந்த ஒரு சுவருக்கு மட்டும் துரை பெயின்ட் அடித்து, பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய தடிப் புத்தகங்களை அடுக்கி, ஒரு பிளாஸ்டிக் செடியும் வைத்தான். அதற்கு முன்னால் நாற்காலி, மேஜை, லேப்டாப். துரை என்பது அவள் தன் புருஷனுக்கு மனசுக்குள் வைத்திருந்த பேர். இடுப்புக்கு மேலே இஸ்திரி போட்ட சட்டையும் டையும், கீழே பொத்தல் விழுந்த அரை டிராயர். இந்த லட்சணத்தில் உட்கார்ந்துதான் அவன் காப்பீட்டுக் கம்பெனிக்கு வேலை பார்த்தான்.

குளியலறைக் கதவு அந்தச் சுவரின் கோடியில் இருந்ததுதான் தொல்லை. உள்ளறையிலிருந்து அங்கே போவதென்றால் நாற்காலிக்குப் பின்னாலேதான் போக வேண்டும். போனால் கேமராவில் தெரியும். துரை அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தான். மீட்டிங் நடக்கும்போது யாராக இருந்தாலும் தவழ்ந்துதான் போக வேண்டும்!

முதல் நாள் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ரெண்டாவது மாசம் குமட்டியது. ஆனாலும் தவழ்ந்தாள். எழுபத்து நாலு வயசு மாமனாரும் தவழ்ந்தார். முட்டி தேய்ந்த மனுஷர். போதாக்குறைக்கு நீர் பிரிகிற மாத்திரை வேறு.

"மேஜையைத் திருப்பிப் போட்டா என்னங்க?" என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தாள்.

"பின்னாடி அந்தப் பாசி பிடிச்ச சுவரு தெரியும். என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

பெத்த அப்பன் நாலு காலில் போகிறார், அதைப் பற்றி யார் என்ன நினைப்பது என்று கேட்க வாய் வரை வந்தது.

அன்றைக்கு மேலாளர் பதவிக்கான நேர்காணல். அரை மணி நேரம்தான் என்று சொல்லி, அவளையும் அப்பாவையும் உள்ளறைக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்தான். ஒரு மணி நேரம் தாண்டியது. துரையின் சிரிப்புச் சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. அந்தச் சிரிப்பை அவள் வேறெங்கும் கேட்டதில்லை. வீட்டுக்காரர்களிடம் அவன் அப்படிச் சிரிப்பதில்லை.

"முடிஞ்சிடுச்சாம்மா?" என்றார் மாமனார், தொடைகளை இறுக்கிக்கொண்டு.

"இதோ முடிஞ்சிடும் மாமா."

இன்னும் பத்து நிமிஷம். அவர் நெற்றியில் வேர்த்துவிட்டது.

"ஒரு வாளி கொண்டு வந்து வச்சிட்டு, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன் மாமா."

"சேச்சே, மருமக இருக்கிற ரூம்லயா? நான் போயிடறேன். மெதுவா போயிடறேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி, முட்டியைத் தரையில் ஊன்றினார். ஊன்றும்போது வலியில் அவர் வாய் கோணியது. அவள் பின்னாலேயே தவழ்ந்து போனாள். தலைக்கு மேலே துரை பேசிக்கொண்டிருந்தான்.

"டீம்ல யாருக்கு என்ன கஷ்டம்னு அவங்க சொல்லாமலே எனக்குத் தெரிஞ்சிடும் சார்."

நாற்காலிக்கு நேர் பின்னால் மாமனார் நின்றுவிட்டார். அவருடைய கால்சட்டை நனைந்து, தரையில் ஈரம் பரவியது. மூத்திர வாடை எழுந்தது. துரையின் மூக்கு ஒரு தரம் சுளித்தது. கீழே பார்க்கவில்லை. ஈரம் படாமல் காலை மட்டும் தூக்கி நாற்காலிக் கம்பியில் வைத்துக்கொண்டு, அதே சிரிப்போடு மேலே பேசினான்.

சீ! இவனும் ஒரு மனுஷனா? போதும், இன்றைக்கு அத்தனை பேர் முன்னாலும் இவன் யோக்கியதையைச் சொல்லிவிடுவது என்று விருட்டென்று எழுந்து நின்றாள்.

திரையில் ஏழு முகங்கள் அவளைப் பார்த்தன. ஓரத்துச் சின்னக் கட்டத்தில், துரையின் தோளுக்கு மேலே, எட்டாவதாக அவளுடைய முகம். பரட்டைத் தலை, கழுத்துப்பட்டி கிழிந்த நைட்டி.

"என் வைஃப் சார்," என்றான் துரை.

"வணக்கம்மா!" என்றார் பெரிய அதிகாரி.

அவள் வணக்கம் என்றாள். சொன்னது மட்டுமா, சிரித்தாள். ஒரு கை தானாகப் போய் முடியை ஒதுக்கியது, கிழிசலை மூடியது. இன்னொரு கை எங்கே என்று அவளுக்கே கொஞ்ச நேரம் தெரியவில்லை. நாற்காலியைப் பிடித்து எழப் பார்த்த மாமனாரின் தலையை அது கீழே அமுக்கிக்கொண்டிருந்தது. நன்றாகவே அமுக்கிக்கொண்டிருந்தது.

"சரிம்மா, சரிம்மா," என்று கீழேயிருந்து முனகல் வந்தது. அவர் திரும்பக் குனிந்து, ஈரத்திலேயே கையை ஊன்றித் தவழ்ந்து, குளியலறைக்குள் போனார்.

நேர்காணல் முடிந்ததும் துரை டையைத் தளர்த்திக்கொண்டு திரும்பினான். முகமெல்லாம் பல்.

"அசத்திட்ட போ! அப்பா தலை தெரிஞ்சிருந்தா என் மானமே போயிருக்கும். நல்ல நேரத்துல அமுக்குன."

ரெண்டு மாசமாக அவள் சேர்த்து வைத்திருந்த வசவுகளில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. இவனைத் திட்ட இனி தனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? துணியை எடுத்துக்கொண்டு வந்து தரையைத் துடைத்தாள்.

குளியலறைக் கதவு ஒரு விரல் அளவுக்குத் திறந்தது.

"யாரும் என்னைப் பார்க்கலையேம்மா?"

"இல்ல மாமா," என்றாள். "யாரும் பார்க்கல."

"நல்லவேளை," என்றார் அவர்.