ஒரே தடவை கேட்கிற மாப்பிள்ளை

என் மாப்பிள்ளை நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என் மேல் பழி போடக் கூடாது. குடி கிடையாது, கோபம் கிடையாது, என் மகளின் துணிக்கும் சேர்த்து இஸ்திரி போடுகிற மனிதர். ஆனால் சாப்பாட்டு மேசையில் அவரைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கணவர் போன பிறகு நான் தனியாகக் கிடக்க வேண்டாமென்று மகள் இந்தத் தேசத்துக்குக் கூட்டி வந்தாள். பிடித்தால் இங்கேயே இருந்துவிடுவது, இல்லையென்றால் திரும்பிப் போவது என்று பேச்சு. அவளுக்கு ஆஸ்பத்திரியில் மாலை ஷிப்ட். அதனால் இரவுச் சாப்பாட்டுக்கு நானும் மாப்பிள்ளையும் மட்டும்தான். அவர் பாஷையில் எனக்கு 'நன்றி' மட்டும் வரும். அவருக்குத் தமிழில் மொத்தமே நாலு வார்த்தை: அத்தை, தண்ணி, வேணுமா, போதும்.

சமையலும் அவர்தான். முதல் நாள், அவர் உட்கார்ந்து சாப்பிடட்டும், நாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மேசையோரம் நின்றேன். நான் நிற்கிறேனே என்று அவரும் எழுந்து நின்றார். சூப் ஆறும்வரை இரண்டு பேரும் தேசிய கீதத்துக்கு நிற்பதுபோல் நின்றோம். கடைசியில் நான்தான் உட்கார்ந்தேன்.

என் தட்டு காலியானதும் பாத்திரத்தைத் தூக்கிக் காட்டி, "வேணுமா அத்தை?" என்பார். பசி வயிற்றைக் கிள்ளும். ஆனாலும் "வேண்டாம் மாப்பிள்ளை" என்பேன். வேறென்ன சொல்வது? மாப்பிள்ளையிடம் தட்டை நீட்டவா முடியும்? அவர் வற்புறுத்த வேண்டும், நான் கையால் தட்டை மறைக்க வேண்டும், அவர் விரல் சந்தில் ஊற்ற வேண்டும். அதுதானே முறை! இவரோ தலையை ஆட்டிவிட்டு, பாத்திரத்தை மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவார். நான் அறைக்குப் போய் பிஸ்கட் தின்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் சமைப்பேன். "போதும்" என்பார். அந்த உபசாரப் பேச்செல்லாம் என்னிடமா பலிக்கும்? கூட இரண்டு கரண்டி ஊற்றுவேன். தலை நிமிராமல் சாப்பிட்டு முடிப்பார். எவ்வளவு ஆசையாகச் சாப்பிடுகிறார் என்று எனக்கு ஒரே பெருமை.

ஆனால் எத்தனை நாள்தான் பிஸ்கட் தின்பது? ஒரு நாள் காலையில் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு மகளிடம் போனேன்.

"நான் ஊருக்குக் கிளம்பறேன்டி. டிக்கெட் போடு."

"என்னம்மா ஆச்சு?"

"உன் வீட்டுக்காரருக்கு நான் இங்க இருக்கறது பிடிக்கல. கொஞ்சம் போட்டுக்கோங்கன்னு ரெண்டாவது வாட்டி சொல்ல வாய் வரல அவருக்கு. வேண்டாதவங்களைத்தான் அப்படி ஒரே தடவை கேப்பாங்க."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அவர் என்ன கேக்கறார் தெரியுமா? உங்கம்மாவுக்கு என்மேல என்ன கோபம், போதும் போதும்னு சொல்லியும் ஊத்தறாங்களேன்னு. ஞாயித்துக்கிழமையானா மாத்திரை போட்டுக்கிட்டு தெருவைச் சுத்தி வராரும்மா, வயிறு தாங்காம!"

"ஐயோ, காத்தாட நடக்கறார்னுல்ல நெனச்சேன்!" எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"இங்க வேண்டாம்னா வேண்டாம்தாம்மா. பசிச்சா வேணும்னு சொல்லேன். நம்ம வீட்லயாவது ஒரு நாள் சொல்லியிருக்கியா நீ?"

என் சிரிப்பு நின்றுவிட்டது. சொன்னதில்லை. கல்யாணமாகிப் போன வீட்டில், எல்லோரும் எழுந்த பிறகு சட்டியில் மிஞ்சியதுதான் எனக்கு. அதில் வேணும் என்று யாரிடம் கேட்பது? கணவர் அன்பானவர்தான். "நீ சாப்பிட்டியா?" என்பார். "ஆச்சு" என்பேன், ஆகாமலே. அவரும் அதோடு விட்டுவிடுவார். யார்மேல் என்று தெரியாமலே எனக்குக் கோபம் வந்தது.

அன்று இரவு மாப்பிள்ளை உருளைக்கிழங்குக் குழம்பு வைத்திருந்தார். எனக்காகக் காரம் கொஞ்சம் தூக்கல். என் தட்டு காலியானதும் பாத்திரத்தைத் தூக்கினார்.

"வேணுமா அத்தை?"

நாக்கு பழைய வழிக்கே ஓடப் பார்த்தது. பிடித்து நிறுத்தினேன். "வேணும்."

அவர் ஊற்றவில்லை. பாத்திரத்தை மேசையில் வைத்தார். ஒரு கையில் கரண்டி. இன்னொரு கையில் ஒரு விரலை மடக்கிக்கொண்டார். "வேணுமா அத்தை?"

எனக்கு விளங்கிவிட்டது. வேலைக்குப் போகுமுன் மகள் இவருக்கும் பாடம் நடத்தியிருக்கிறாள்: அம்மா என்ன சொன்னாலும் மூன்று தடவை கேட்கணும்.

"வேணும்."

இன்னொரு விரல் மடங்கியது. "வேணுமா அத்தை?"

"வேணும் மாப்பிள்ளை. எனக்கு வேணும்." கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. காரம்தான் காரணமென்று நினைத்து அவர் "தண்ணி? தண்ணி?" என்று பதறினார்.

வேண்டுமட்டும் சாப்பிட்டேன். பிறகு அவர் தட்டுக்கு ஊற்றப் போனேன். "போதும்" என்றார். கரண்டியோடு என் கை அந்தரத்தில் நின்றது. அந்தக் கையைக் கீழே இறக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து புடவைகளை அலமாரியில் அடுக்கினேன். வயிறு நிறைந்திருந்ததால் குனிந்து நிமிரக் கொஞ்சம் சிரமமாக இருந்தது.